செப்டம்பர் ஏன் ஒன்பதாவது மாதம்?

கேள்வி: செப்டம்பர் என்றால் 'ஏழாவது' என்று பொருளாமே? ஜூலியஸ் சீசரும் அகஸ்டஸும் தங்கள் பெயரில் நடுவே இரண்டு மாதங்களைச் செருகியதால்தான் அது ஒன்பதாவது இடத்துக்குப் போனதா?

இல்லை. நானும் பள்ளியில் இப்படித்தான் கேட்டேன். பல வருடங்கள் அதையே பிறருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர்கள் எதையும் செருகவில்லை. ஏற்கெனவே இருந்த இரண்டு மாதங்களுக்குப் பெயர் மாறியது, அவ்வளவுதான்.

பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில் பிறந்தது. அங்கிருந்து எண்ணினால் இன்றைய ஜூலை ஐந்தாவது. அதன் பழைய பெயர் குவின்டிலிஸ், அதாவது ஐந்தாவது. ஆறாவதான ஆகஸ்டுக்கு செக்ஸ்டிலிஸ். அடுத்தவை செப்டெம், ஆக்டோ, நோவெம், டெகெம் என்ற லத்தீன் எண்களிலிருந்து வந்தவை. நம் பஞ்சாங்கத்தின் சப்தமி, அஷ்டமி, நவமி, தசமியை அவற்றோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், உறவு காதிலேயே விழும். சமஸ்கிருதமும் லத்தீனும் ஒரே மொழிக்குடும்பம்.

குழப்பம் ஜனவரியால் வந்தது. ஜனவரியையும் பிப்ரவரியையும் நூமா என்ற அரசர் சேர்த்தார் என்பது ரோமானியர்களின் மரபுக் கதை. கி.மு. 153இல் ஸ்பெயினில் போர் மூண்டது. ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் தலைமை ஆட்சியாளர்களான கான்சல்கள் புதிதாகப் பதவியேற்க மார்ச் வரை காத்திருக்க முடியாமல் அந்த நாளை ஜனவரி 1க்கு மாற்றினார்கள். ஆண்டின் தலை நகர்ந்துவிட்டது. எண்ணுப் பெயர்களை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

சீசர் கொல்லப்பட்ட கி.மு. 44இல், அவர் பிறந்த குவின்டிலிஸ் ஜூலை ஆனது. கி.மு. 8இல் செக்ஸ்டிலிஸ் ஆகஸ்ட் ஆனது. இதில் வேடிக்கை, அகஸ்டஸ் பிறந்தது செப்டம்பரில். பெரிய வெற்றிகள் கிடைத்த மாதம் என்பதால் செக்ஸ்டிலிஸைத் தேர்ந்தெடுத்தார். எகிப்தின் தலைநகர் அலெக்சாண்டிரியா அவரிடம் வீழ்ந்தது அந்த மாதத்தில்தான். பிப்ரவரியிடமிருந்து ஒரு நாளைப் பிடுங்கி ஆகஸ்டில் ஒட்டினார் என்பதும் கட்டுக்கதை. செக்ஸ்டிலிஸுக்கு 31 நாள் தந்தது சீசரின் நாட்காட்டிச் சீர்திருத்தம். பிப்ரவரிக்கோ அதற்கு முன்பிருந்தே 28 நாள்தான்.

மற்றவற்றில் மார்ச் போர்த் தெய்வம் மார்ஸின் மாதம், ஜனவரி வாசல் தெய்வம் ஜானஸின் மாதம். பிப்ரவரி சுத்திகரிப்புச் சடங்கைக் குறிக்கும். ஏப்ரலைப் பற்றி ரோமானியர்களே ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள்.

அகஸ்டஸுக்குப் பின் பேரரசரான டைபீரியஸ் நவம்பரில் பிறந்தவர். அந்த மாதத்துக்கு அவர் பெயரை வைக்கலாம் என்று செனட் கேட்டபோது, சீசர்கள், அதாவது பேரரசர்கள், பதின்மூன்று பேர் ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று திருப்பிக் கேட்டார். பிறகு வந்த டொமீஷியனுக்கு அந்தக் கூச்சம் இல்லை. அக்டோபருக்குத் தன் பெயரைச் சூட்டினார். கி.பி. 96இல் அவர் கொல்லப்பட்டதும் அக்டோபர் பழையபடி 'எட்டாவது' ஆனது.