மொழியியல் என்றால் தமிழ் இலக்கியம்தானே?

பிளஸ் டூ படிக்கும் மகள் மொழியியல்தான் வேண்டும் என்கிறாள், அது இலக்கியம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க, இலக்கியம் வேறு, மொழியியல் வேறு. மக்கள் பேசும் மொழி எப்படி அமைந்து, எப்படி இயங்குகிறது என்று ஆராய்வதுதான் மொழியியல்.

நம் கோபிசெட்டிபாளையம் பக்கம் பாட்டிமார் ‘சந்தைக்குப் போகோணும்’ என்பார்களே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘போக வேணும்’ சேரும்போது நடுவிலுள்ள வகரம் கரைந்து, அதன் இருபக்க உயிர்களும் ‘ஓ’வாகத் திரள்கின்றன. ‘வரோணும்’, ‘பாக்கோணும்’ எல்லாம் இதே கணக்கு. கொச்சை என்று நாம் ஒதுக்கியதில் இத்தனை ஒழுங்கைக் கண்டால் பித்துப் பிடிக்காதா? எனக்கும் அப்படித்தான் பிடித்தது.

பக்கத்து நீலகிரியின் தோடா, கோத்தா மொழிகளை 1930-களில் எமனோ என்ற மொழியியலாளர் அமெரிக்காவிலிருந்து வந்து, பேசுகிறவர்களிடமே கேட்டு எழுதினார். அப்புறம், மேற்படிப்புக்கு ரொம்பத் தூரம் போக வேண்டாம்; கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலேயே மொழியியல் துறை இருக்கிறது.