“முறைப்பாடு இருக்கா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் சொல்வார்கள்: கேள்வி பதில்

வணக்கம். வெளிநாட்டு வேலையில் சிக்கித் திரும்பி வருபவர்களிடம் வாக்குமூலம் எழுதுவது 17 வருடம் என் தொழில். இப்போது கொட்டாஞ்சேனையில் வீட்டோடு இருக்கிறேன். நவீன அடிமைத்தனம், அதில் மாட்டியவர்களை அரசாங்கங்கள் எப்படிக் கண்டுபிடித்து உதவுகின்றன என்பது பற்றிக் கேளுங்கள். இரவு ஒன்பது மணி வரை இருப்பேன். விசா எடுத்துத் தர மாட்டேன், ஏஜென்சி சிபாரிசு செய்ய மாட்டேன். வேலைக்கு விசிட் விசாவில் போகாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

தெஹிவளை, சட்ட மாணவி: அக்கா, ஒருவர் ஆட்கடத்தலுக்கு ஆளானவர் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

சட்டத்தில் சுலபம். ஆட்கடத்தலைத் தடுக்கும் ஐ.நா. ஒப்பந்தமான 2000ஆம் ஆண்டின் பலேர்மோ நெறிமுறை மூன்று விஷயம் பார்க்கச் சொல்கிறது. ஆளைச் சேர்த்தது, கொண்டு போனது, வைத்திருந்தது போன்ற செயல். ஏமாற்று, மிரட்டல், பலவந்தம் போன்ற வழி. சுரண்டல் என்ற நோக்கம். ஆள் 18 வயதுக்குக் கீழே என்றால் வழியைத் தேடவே தேவையில்லை. நம் தண்டனைச் சட்டக் கோவையில் 2006 திருத்தத்தோடு வந்த 360சி பிரிவும் இந்தத் தடத்தில்தான் போகிறது. தண்டனை 2 முதல் 20 வருடம். அதே திருத்தத்தில் வந்த 358ஏ பிரிவு கடன் அடிமைத்தனத்தையும் கட்டாய வேலையையும் தனிக் குற்றமாக்கியது. பலேர்மோவை இலங்கை உறுதி செய்தது 2015இல்.

நடைமுறையில் எல்லாம் முதல் கேள்வியில் தங்கியிருக்கிறது. ஒரு தடவை கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒரு பெண் இறங்கினாள். கையில் ஒரு ஷொப்பிங் பை மட்டும். அதிகாரி கேட்டார், “முறைப்பாடு ஏதும் இருக்கா?” அவள், “இல்லை சேர், வீட்டுக்குப் போகணும்.” பேனாவை மூடிவிட்டார். வெளியே பஸ்ஸுக்கு நின்றவளிடம் நான் ஒன்றுதான் கேட்டேன்: அந்த வீட்டில் நீ எங்கே படுத்தாய்? “உடுப்புத் தோய்க்கிற மெஷின் அறையில. வெளியால பூட்டுவாங்க. மெஷின் நின்டா கதவைத் தட்டுவன், வந்து திறப்பாங்க.” அப்புறம் தானாகவே பையிலிருந்து ஒரு பனடோல் பெட்டியை எடுத்து விரித்தாள். உள்பக்கம் முழுக்கப் பேனாக் கோடுகள். மாதத்துக்கு ஒரு கோடு, சம்பளம் கிடைத்த மாதத்துக்கு அதன் மேல் ஒரு குறுக்குக் கோடு. 22 கோடுகள். குறுக்குக் கோடு ஐந்தில்தான் இருந்தது.

“நான் அடிமையாக இருந்தேன்” என்று சொல்லிக்கொண்டு யாரும் விமானத்தில் இருந்து இறங்குவதில்லை. பாஸ்போட் யார் கையில் இருந்தது, போனில் யாரோடு பேச விட்டார்கள், கடனை யார் கணக்கு வைத்தார்கள், எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று அதிகாரிதான் தேடிக் கேட்க வேண்டும். அதற்கென்று அரசாங்கமே நடைமுறைக் கையேடு வைத்திருக்கிறது. பொலிஸ், குடிவரவு, தொழில் திணைக்களம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், நன்னடத்தைத் திணைக்களம் எல்லோருக்கும் அது பொதுவானது. அலமாரியில் இருப்பதை மேசைக்கு எடுத்தால் நல்லது.

வத்தளை வாசகர்: படகில் அவுஸ்திரேலியா போனவர்களும் இதில் அடங்குவார்களா?

இல்லை. காசு கொடுத்துக் களவாக எல்லை கடப்பது வேறு குற்றம். நாம் இரண்டையும் ‘ஆட்கடத்தல்’ என்றே சொல்லுவதால் வருகிற குழப்பம் இது. கரை சேர்ந்த பிறகும் உங்களை விடாமல் வேலை வாங்கினால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள்.

மாளிகாவத்தை உம்மா: மகள் ஓமானில் இருந்து போன மாதம் வந்திருக்கிறாள். அரசாங்கத்தால் என்ன உதவி கிடைக்கும்?

உம்மா, முதலில் வைத்தியம். வேறு எதற்கும் அவசரமில்லை. தங்க இடம் இல்லாத பெண்களுக்கு அரசின் பாதுகாப்பு இல்லம் இருக்கிறது. விலாசத்தை வெளியே சொல்வதில்லை, அது அவர்களின் பாதுகாப்புக்காகத்தான். குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்புச் சட்டம் 2015இல் வந்தது, 2023இல் புதிய சட்டமாக மாற்றினார்கள். அதன் கீழ் ஒரு தேசிய அதிகார சபை இருக்கிறது. மிரட்டல் வந்தால் பாதுகாப்பும் நட்ட ஈடும் அங்கே கேட்கலாம். நீதிமன்றத்தில் ஏஜென்ட்டின் முகத்தைப் பார்க்காமல் வேறிடத்தில் இருந்து காணொளி வழியாகச் சாட்சி சொல்லவும் வழி உண்டு. முறைப்பாட்டைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் ஆட்கடத்தல் விசாரணைப் பிரிவில் கொடுக்கலாம்.

ஓமான் என்பதால் இன்னொன்று. 2022 நவம்பரில் மஸ்கட் தூதரகத்தில் வேலை செய்த அதிகாரி ஒருவரே பெண்களை ஓமானுக்குக் கடத்திய விவகாரத்தில் கட்டுநாயக்கவில் கைதானார். ஆகவே “அங்கேயே ஏன் சொல்லவில்லை” என்று யாராவது மகளிடம் கேட்டால் கோபப்படாமல் இதைச் சொல்லுங்கள். அவள் போனது விசிட் விசாவில்தானே? டுபாய்க்கு என்று சொல்லி, அங்கிருந்து ரோட்டால் ஓமானுக்குக் கொண்டு போயிருப்பார்கள்.

பம்பலப்பிட்டி: விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவுக்கு மாற்றலாம் என்கிறாரே ஏஜென்ட்?

மாற்றித் தருவார்கள், உங்கள் பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு. பணியகத்தில் பதியாமல் போனால் ஒப்பந்தமும் இல்லை, காப்புறுதியும் இல்லை. போகாதீர்கள்.

கிரான்ட்பாஸ் தம்பி: நல்ல ஏஜென்சி ஒன்று சொல்லுங்க அக்கா.

முன்னுரை படிக்கவும். உரிமம் இருக்கிறதா என்று வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு எடுத்துக் கேளுங்கள்.

வெள்ளவத்தை அம்மா: தம்பி லண்டனில் முதியோர் இல்லத்தில் கெயார் வேலை. விசாவுக்கு இங்கேயே பெரிய தொகை கொடுத்தோம். அங்கே சொன்ன வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. அந்த நாட்டில் என்ன முறை?

பெரிய தொகை வாங்கியது மட்டும் அடிமைத்தனம் ஆகாது. ஆனால் அந்தக் கடனைக் காட்டி மிரட்டி வேலை வாங்கினால் கதை வேறு. பிரித்தானியாவில் அடிமைத்தனத்தில் மாட்டியவர்களை அடையாளம் கண்டு உதவ 2009இலிருந்து தேசிய பரிந்துரைப் பொறிமுறை என்று ஒன்று இருக்கிறது. தம்பி தானே விண்ணப்பிக்க முடியாது. பொலிஸ், உள்ளூராட்சி சபை, சல்வேஷன் ஆர்மி மாதிரி அனுமதி பெற்ற ஒரு அமைப்புத்தான் பெயரைக் கொடுக்க வேண்டும். வளர்ந்தவர் என்றால் அவருடைய சம்மதம் வேண்டும், பிள்ளைகளுக்கு வேண்டாம்.

முடிவு இரண்டு படி. முதலில் ‘நம்பக் காரணம் இருக்கிறதா’. இதை ஐந்து வேலை நாட்களில் சொல்ல முயல்வார்கள். ஆம் என்றால் குறைந்தது 30 நாள் மீட்சிக் காலம். முன்பு 45 நாள் இருந்தது, 2022 சட்டத்தில் குறைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் நாட்டை விட்டு அனுப்ப மாட்டார்கள். தேவைப்பட்டால் தங்குமிடம், கொஞ்சம் காசு, ஒரு உதவியாளர் கிடைக்கும். இரண்டாவது படி இறுதி முடிவு. அதற்கு மாதங்கள் போகும், ஒரு வருடத்தைத் தாண்டியதும் உண்டு. இறுதி முடிவு சாதகமாக வந்தாலும் விசா தானாகக் கிடைக்காது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஆகவே பெயர் கொடுக்க முன் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் பேசச் சொல்லுங்கள். உதவி இலக்கம் 08000 121 700, தமிழில் பேச வேண்டும் என்று கேட்கலாம்.

வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி: மியன்மாரின் ஒன்லைன் மோசடி முகாம்களில் இருந்து மீட்டு வந்த பொடியன்களையும் ‘பாதிக்கப்பட்டவர்கள்’ என்கிறார்கள். ஒன்லைன் மோசடியில் என் நண்பர் ஓய்வூதியக் காசை இழந்தார். படித்த, ஆங்கிலம் தெரிந்த, கண் திறந்து போனவர்கள். திருடனுக்குத் தங்குமிடமா?

ஐயா, உங்கள் நண்பரின் கோபம் நியாயம். ஆனால் போன விதத்தைப் பாருங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று பாங்கொக்கில் இறக்கி, ரோட்டால் மேசொட், அங்கே மோய் ஆற்றைத் தாண்டினால் மியாவாடி. அக்கரையில் ஆயுதக் குழு. மியன்மாரில் மட்டும் குறைந்தது 120,000 பேர் இப்படி மோசடி வேலைக்குப் பலவந்தமாக வைக்கப்பட்டிருக்கலாம் என்று 2023இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது. ஏமாற்றி எடுத்த சம்மதம் சட்டத்தில் சம்மதமே இல்லை.

அதே ஐயா: கொமிஷன் வாங்கினார்களே? குழுத் தலைவர்களாகவும் இருந்தார்களே?

சிலர் இருந்தார்கள், மறுக்கவில்லை. முதலில் ஏமாந்து, பிறகு மற்றவனை ஏமாற்றி ஆள் சேர்த்தவனும் உண்டு. அவனை விசாரிக்கட்டும். ஆனால் பாதிக்கப்பட்டவர் என்று அடையாளம் காண்பது தீர்ப்பு இல்லை ஐயா. அதற்கு வைக்கும் அளவுகோல் நீதிமன்றத்து ‘நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்’ என்பதை விட மிகவும் தாழ்ந்தது. வேண்டுமென்றே தாழ்த்தி வைத்தது. இன்றிரவு படுக்க இடம் கொடுத்துவிட்டு நாளைக்குக் கேள்வி கேட்பதற்காக.

மட்டக்குளி: மன்னிக்கணும், இடையில் வாறன். என் மச்சான் அங்கே இருந்தவன். நாளைக்கு 16 மணித்தியாலம், ஆள் பிடிக்கிற கணக்கு முடியலைன்னா கரண்ட் ஷொக். இப்பவும் வாட்ஸ்அப் சத்தம் கேட்டா படுக்கையில இருந்து எழும்பி உட்காருறான். ஐயா சொல்ற திருடன் அவன்தான்.

வங்கி அதிகாரி: தம்பி, உங்கள் மச்சானைச் சொல்லவில்லை. சட்டம் எல்லோரையும் ஒரே கூடையில் போடுகிறது என்றுதான் சொல்கிறேன்.

கூடையில் போடவில்லை. கட்டாயத்தில் செய்த குற்றத்துக்குத் தண்டிக்காமல் விடலாம் என்பதுதான் கொள்கை, ஆட்கடத்தலுக்கு எதிரான ஐரோப்பிய சாசனத்தின் 26ஆம் பிரிவு. பிரித்தானியாவின் 2015 நவீன அடிமைத்தனச் சட்டத்தில் 45ஆம் பிரிவு அதற்கு எதிர்வாதம் தருகிறது, பாரதூரமான குற்றங்களை விலக்கிவிட்டு. அந்தப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊரே உதாரணம். 1841ஆம் ஆண்டு நாடோடிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் விபச்சார விடுதியில் பிடித்த பெண்ணை நேரே நீதவான் முன் கொண்டு போவார்கள். யார் அவளை அங்கே கொண்டு வந்து விட்டது என்று கேட்க நேரமில்லை. விட்டவன் வெளியில், அவள் உள்ளே. இந்தத் திரியை இத்தோடு நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

நுகேகொட: ரஷ்யாவுக்குப் போய்ப் போர்முனையில் மாட்டிய முன்னாள் இராணுவத்தினர்?

போருக்கு வெளியே வேலை என்று சொல்லித் துப்பாக்கி கொடுத்திருந்தால் ஏமாற்று இருக்கிறது. தெரிந்து கையெழுத்திட்டவர் என்றால் கதை வேறு. ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும்.

கொள்ளுப்பிட்டி: வீட்டு வேலைக்கு மலையகத்தில் இருந்து 15 வயதுப் பிள்ளை ஒன்றைத் தாய் தகப்பனே அனுப்பச் சம்மதம். பாடசாலைக்கும் அனுப்புவோம், நல்லாய்ப் பார்ப்போம்.

கூடாது. 2021இல் வேலைக்கான குறைந்த வயதை 16 ஆக்கினார்கள். வீட்டு வேலை ஆபத்தான வேலைப் பட்டியலில் சேர்ந்ததால் அதற்கு 18. அதே வருடம் யூலையில் டயகமச் சிறுமி ஒருத்தி கொழும்பு வீடொன்றில் தீக்காயப்பட்டு இறந்தபோது நாடே அழுதது, மறந்துவிட்டீர்களா? பிள்ளைக்கு உதவ ஆசையிருந்தால் பள்ளிக் காசை அவளுடைய ஊருக்கு அனுப்புங்கள். அடுத்த வீட்டில் இப்படி ஒரு பிள்ளையைக் கண்டவர்கள் சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு எடுங்கள்.

ராஜகிரிய: கனடாவுக்கு விசிட் விசாவில் போய்…

இல்லை.

மருதானை: அக்கா, டுபாய் விசிட் விசா பற்றி ஒரு கேள்வி.

மூன்றாவது தடவை. மேலே போய் வாசியுங்கள்.

மாளிகாவத்தை உம்மா: திரும்பவும் நான்தான். மகளிடம் ஒரு கொப்பி இருக்கிறது. எந்த நாள் அடித்தார்கள், எந்த நாள் சாப்பாடு இல்லை என்று எழுதி வைத்திருக்கிறாள். அதை அடுப்பில் போடச் சொல்கிறாள். போடவா?

போடாதீங்க உம்மா. அவள் முன்னால் வாசிக்கவும் வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, கொப்பியை ஒரு உறையில் போட்டு உங்கள் அலுமாரியில் வையுங்கள். அவள் பெயர் உள்ள போர்டிங் பாஸ், ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் குரல் செய்தி எல்லாம் இருந்தால் அதே உறையில். போனை மாற்றவோ அழிக்கவோ விடாதீங்க. முறைப்பாடு கொடுப்பதா இல்லையா என்று பிறகு அவளே முடிவெடுக்கட்டும். திங்கட்கிழமை வீட்டில் இருப்பேன். தனியாகச் செய்தி போடுங்க, விலாசம் தருகிறேன். அவள் வர விரும்பினால் மட்டும் கூட்டி வாங்க.