போனை எடுக்காத பெற்றோர்

வணக்கம்.

நான் ஆறாம் வகுப்பு ஆசிரியை. பணிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பெற்றோர் கூட்டத்துக்கு வருபவர்கள் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர்தான். பிள்ளை சண்டை போட்டாலோ வீட்டுப்பாடம் எழுதாவிட்டாலோ கூப்பிட்டுப் பார்க்கிறேன். மற்றவர்கள் போனையே எடுப்பதில்லை. பிள்ளைகளிடம் நெருங்கிப் பழகினால் தலைமேல் ஏறிவிடுவார்கள் என்கிறார்கள் மூத்த ஆசிரியர்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?

க.

அன்புள்ள க.,

அவர்கள் ஏன் எடுப்பதில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சண்டை, வீட்டுப்பாடம். பள்ளியின் எண் திரையில் தெரிந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. படித்த காலத்தில் தாங்களே அவமானப்பட்டவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். அக்கறை இல்லாதவர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அமெரிக்காவின் சாக்ரமெண்டோ நகரில் 1998இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் ஆசிரியர்கள் இருவர் இருவராக மாணவர்களின் வீடுகளுக்குப் போனார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான் போவார்கள், யாருக்கும் கட்டாயமில்லை. மதிப்பெண் பேச்சை எடுப்பதில்லை. 'உங்கள் பிள்ளை என்னவாக வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்?' என்று கேட்பார்கள். பிரச்சினை உள்ள பிள்ளைகளின் வீடுகளுக்கு மட்டும் போவதில்லை என்பதுதான் இதில் முக்கியம். அப்படிப் போனால் வீடு தேடி வருவதே தண்டனையாகிவிடும். வீட்டுக்குப் போக முடியாவிட்டால் தொலைபேசி போதும், கேள்வி அதேதான்.

அதற்காகப் புகழ்ந்துகொண்டே இருக்கவும் வேண்டாம். மேத்யூ கிராஃப்ட், டாட் ராஜர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தேறாத பாடங்களைக் கோடை வகுப்பில் மீண்டும் படித்த உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் பெற்றோருக்கு வாரம் ஒரு வரிச் செய்தி, ஆசிரியரிடமிருந்து போனது. செய்தி போகாத வீட்டுப் பிள்ளைகளில் 15.8 சதவீதம் பேர் தேறவில்லை, போன வீட்டுப் பிள்ளைகளில் 9.3 சதவீதம்தான். பாராட்டு வரிகளைவிட, பிள்ளை எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று குறிப்பாகச் சொன்ன வரிகளே அதிகம் பலன் தந்தன. 'கவனமில்லை' என்று எழுதினால் அந்த அம்மா என்ன செய்வார்? திட்டுவார். 'பின்னக் கணக்குப் பயிற்சி இரண்டு பாக்கி' என்றால் நோட்டை எடுத்துவரச் சொல்லலாம். கணக்கே தெரியாதவரும் இதைச் செய்யலாம்.

தலைமேல் ஏறுவது பற்றி. எனக்கு அதில் உடன்பாடில்லை. நேற்று சிரித்துக்கொண்டே விட்டுவிட்ட தவறுக்கு இன்று கத்தும் ஆசிரியரிடம்தான் வகுப்பு கலைகிறது. விதி விதியாகவே இருக்கட்டும், நீங்கள் பேசுங்கள். மிகவும் படுத்தும் பிள்ளையிடம் நாளுக்கு இரண்டு நிமிடம், தொடர்ந்து பத்து நாள், படிப்பைத் தவிர வேறு எதைப் பற்றியாவது பேசுவது என்று ஒரு முறை உண்டு. ரேமண்ட் வ்லாட்கோவ்ஸ்கி என்ற கல்வி உளவியலாளர் சொன்னது. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் அந்தப் பிள்ளையிடம் பள்ளியில் யாராவது திட்டாமல் பேசி எத்தனை நாள் ஆகியிருக்கும்?

அப்படிப் பேசும்போது அவன் மனம்விட்டு ஏதாவது சொல்வான். அதை அடுத்த போனில் அப்பாவிடம் ஒப்பித்துவிடாதீர்கள். அத்தோடு அவன் வாயை மூடிக்கொள்வான், மற்ற முப்பத்தொன்பது பேரும் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் மறைக்கக் கூடாது. அப்போதும் யாரிடம் சொல்லப்போகிறீர்கள் என்பதை அவனிடம் முதலில் சொல்லுங்கள்.

வாரம் ஐந்து வீடு என்று வைத்துக்கொண்டால் எட்டு வாரத்தில் எல்லோரிடமும் ஒருமுறை பேசிவிடலாம். எந்த நேரத்தில் கூப்பிட்டால் வசதி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு வேலைக்குப் போகிறவர் காலை பத்து மணிக்குத் தூங்கிக்கொண்டிருப்பார். சில வீடுகளில் பிள்ளையை வளர்ப்பது பாட்டியாக இருக்கும். அங்கே பாட்டியின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.