கருப்பும் கொலையும் ஒரே கதையில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அம்மா இரவில் விடாமல் பார்க்கும் சீரியல் மாமியார் மருமகள் கதையாகத்தான் ஆரம்பித்தது. அப்புறம் ஒரு கொலை, போலீஸ் விசாரணை. பிறகு வீட்டுக்குள் பேய். இரண்டு வாரத்தில் பேயைக் காணோம்; ஏன் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. இப்போது சொத்துத் தகராறு. இப்படி எல்லாவற்றையும் கலப்பதுதானே சீரியல்களைக் கெடுக்கிறது?

வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் குற்றம் கலப்பில் இல்லை.

உங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் வள்ளி திருமணம் பார்த்திருப்பீர்கள். முதலில் பபூன் வந்து சிரிக்கவைப்பார், டான்ஸ்காரருடன் மல்லுக்கு நிற்பார். நள்ளிரவில் வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம், அப்புறம் வேடன் வேஷத்தில் காதல், விடியும்போது சாமி கல்யாணம். 1918இல் மதுரையில் பாலர் நாடக சபை தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகம் அது. ஒரே ராத்திரியில் இத்தனையும் வந்தும் யாரும் குழம்புவதில்லை. ஆர்மோனியம் மாறியதுமே சபை நிமிர்ந்து உட்கார்ந்துவிடும்.

தொலைக்காட்சிக்கு வருவோம். தொண்ணூறுகளின் கடைசியில் சன் டிவியில் வந்த 'விடாது கருப்பு', நம் மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கியது. கிராமத்துக் காவல் தெய்வமான கருப்பு, மர்மச் சாவுகள், மனநல மருத்துவம், ஒரு பையனின் பால்யம், எல்லாம் அதில் உண்டு. எதுவும் வெளியிலிருந்து ஒட்டியதாகத் தெரியாது. காரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பின் சாத்திய கதவுக்கு முன்னால் போய் நின்று, 'நான் எடுக்கலை' என்று சத்தியம் செய்து வழக்கைத் தீர்த்துக்கொண்ட ஜனம் நாம். குற்றம் விசாரிப்பது நம்மிடம் சாமியின் வேலையும்தான். அதனால் சாமிக் கதையும் துப்பறியும் கதையும் அங்கே இயல்பாகச் சேர்ந்துகொண்டன. செய்தது கருப்பா, மனுசனா என்ற ஒரே கேள்வி வாராவாரம் இரண்டையும் இழுத்துக்கொண்டு போனது.

ஒவ்வொரு கதை வகையும் பார்ப்பவரிடம் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறது. கொலை வந்தால் கொன்றது யாரென்று சொல்லியாக வேண்டும். பேய் வந்தால் அதன் வயிற்றெரிச்சல் என்னவென்று காட்டியாக வேண்டும். அம்மா பார்க்கும் சீரியலில் பேய் வந்தது தப்பில்லை, பதில் சொல்லாமல் அதை அனுப்பியதுதான் தப்பு. வாராவாரம் ரேட்டிங் பார்த்துக் கதையைத் திருப்பும் நெருக்கடி எழுதுகிறவர்களுக்கு இருக்கிறது, தெரியும். இருந்தாலும் பேயை எழுதும் முன்பே அது யார், ஏன் செத்தது என்பதை முடிவு செய்துகொள்ள எந்த ரேட்டிங்கும் தடையில்லை.