அங்கன்வாடியில் விளையாட்டு வழிக் கல்வி: பெற்றோரை எப்படி உள்ளே கொண்டுவருவது?

கேள்வி: எங்கள் ஊர் அங்கன்வாடியில் 25 பிள்ளைகள். விளையாட்டு வழியாகத்தான் சொல்லித்தர வேண்டும் என்கிறார்கள். பெற்றோரோ, "எப்போ டீச்சர் எழுத வைப்பீங்க?" என்றே கேட்கிறார்கள். என்ன செய்வது?

கூட்டம் போட்டு விளக்கினால் பெற்றோர் தலையாட்டிவிட்டு, அடுத்த ஜூனில் பிள்ளையை நர்சரியில் சேர்த்துவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது விளக்கம் இல்லை. ஒரு வேலையைக் கையில் கொடுத்து, பிள்ளைகளோடு தரையில் உட்கார வையுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பக்கத்து வீட்டு எல்கேஜி பிள்ளை நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வரும்போது யாருக்கும் பதற்றம் வரத்தான் செய்யும். அவர்களிடம் பிள்ளையின் கை எப்படி வளர்கிறது என்று பேசுங்கள். மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் உண்டு. 3 வயதில் அவற்றில் பாதிகூடக் கெட்டிப்பட்டிருக்காது, மீதி குருத்தெலும்புதான். விரல் தசையும் அப்போதுதான் தேறிவருகிறது. அந்த வயதில் பென்சிலைத் திணித்தால் பிள்ளை முஷ்டியால் பிடிக்கும், அழுத்தி எழுதும், சீக்கிரம் சலித்துப்போகும். அந்தப் பிடியைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. எழுத்துக்கு முன்னால் காகிதம் கிழித்தல், மாவு பிசைதல், மணி கோத்தல், தரையில் சாக்பீஸால் பெரிது பெரிதாக வரைதல் என்று ஒரு வரிசை இருக்கிறது. ஒரு பக்கெட் தண்ணீரும் பழைய பெயின்ட் பிரஷும் கொடுத்துச் சுவரில் 'பெயின்ட்' அடிக்கவிட்டால் தோளும் மணிக்கட்டும் சேர்ந்து வேலை செய்யும். எழுத்துக்கான அடித்தளம் இதுதான்.

இனி அறை. 25 பேரை ஒரே விளையாட்டில் வைத்தால் கூச்சல்தான் மிஞ்சும். நான்கு மூலை போதும்: வீட்டுச் சாமான் மூலை, கட்டை மூலை, மாவு மூலை, படப் புத்தக மூலை. ஒரு மூலைக்கு 6 பேர். ஒவ்வொரு மூலையிலும் 6 கயிற்று மாலைகளை ஆணியில் தொங்கவிடுங்கள். மாலை போட்டவர் மட்டும் உள்ளே. மாலை தீர்ந்தால் வேறு மூலை. "நீ வராதே" என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது. மிஞ்சும் ஒருவர் அன்றைய உதவியாள்: தட்டு எடுத்து வைக்க, செடிக்குத் தண்ணீர் ஊற்ற. நேரம் 45 நிமிடம். 15 நிமிடத்தில் மணி அடித்து மாற்றினால், விளையாட்டு சூடு பிடிக்கும் இடத்தில் அறுந்துவிடும்.

கட்டைகளுக்குத் தச்சுப் பட்டறைக்குப் போங்கள். 5, 10, 20 சென்டிமீட்டர் நீளத்தில் அறுக்கச் சொல்லி, முனைகளை உப்புத்தாளால் தேயுங்கள். ஒன்று மற்றதன் இரு மடங்காக இருப்பதால் இரண்டு சின்னது சேர்ந்தால் ஒரு பெரியது என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். 6 பேருக்கு 60 கட்டையாவது வேண்டும். குறைந்தால் கட்டுவதைவிடப் பிடுங்குவதுதான் அதிகம் நடக்கும்.

மாவுக்கு அளவு: கோதுமை மாவு 2 கப், தூள் உப்பு 1 கப், எண்ணெய் 2 தேக்கரண்டி, கொஞ்சம் மஞ்சள். தண்ணீரை முக்கால் கப்பில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஊற்றிச் சப்பாத்திப் பதத்துக்குப் பிசையுங்கள். மூடி வைத்தால் மூன்று நாள் தாங்கும். மழைக்காலத்தில் உப்பு ஈரத்தை இழுத்துக் கசியும்; உலர்ந்த மாவு தூவிப் பிசைந்தால் சரியாகிவிடும். தின்னவிடாதீர்கள், உப்பு அதிகம். புளியங்கொட்டை, மணி எல்லாம் 3 வயது தாண்டியவர்களுக்கு மட்டும், அதுவும் கண் எதிரே. மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வது அடிக்கடி நடக்கும். அதற்குக் கீழ் உள்ளவர்களுக்கு எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய எதுவும் வேண்டாம். தண்ணீர் விளையாட்டுக்குத் தொட்டியில் ஐந்து விரற்கடை ஆழத்துக்கு மேல் வேண்டாம். முடிந்த நிமிடமே கொட்டிவிடுங்கள்.

பெற்றோர் முறை: ஒரு நாளைக்கு ஒரு குடும்பம், 45 நிமிடம். 25 பிள்ளைகள் என்றால் ஒரு வீட்டுக்கு மாதம் ஒருமுறைதான் வரும். நூறு நாள் வேலைக்கோ கூலிக்கோ போகும் அம்மாவிடம் பதினோரு மணிக்கு வரச் சொல்வது கொடுமை. அங்கே அப்பாயி வரட்டும், தாத்தா வரட்டும், வேலையில்லாத நாளில் அப்பா வரட்டும். பல்லாங்குழி தெரிந்த பாட்டி கிடைத்தால் விடாதீர்கள். முழு ஆட்டம் வேண்டாம். குழிக்கு ஒரு கொட்டை போட்டுக்கொண்டே போவதே 4 வயதுக்கு எண்ணிக்கைப் பாடம்.

வருகிறவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான். பிள்ளை கோபுரம் கட்டும்போது, "இப்படி வைடா" என்று தாங்களே கட்டிவிடுவார்கள். உள்ளே வரும்போதே சொல்லிவிடுங்கள்: "கை கொடுக்காதீங்கம்மா, கேள்வி மட்டும் கேளுங்க." கேள்வியும் "இது என்ன கலர்?" என்று பரீட்சையாக இருக்க வேண்டாம். "அடுத்து என்ன வைக்கப் போற?" என்று கேட்டால் பிள்ளை யோசித்து வாக்கியமாகப் பேசும். சொந்தப் பிள்ளை மடியை விட்டு இறங்காது, அது இயல்பு. முதல் பத்து நிமிடம் அப்படியே இருக்கட்டும், கடிந்து இறக்கிவிட வேண்டாம்.

வீட்டுக்கு எழுத்து வேலை கொடுக்காமல் வீட்டு வேலையையே கொடுங்கள். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் பிரித்து வைப்பது, ஆளுக்கொரு தட்டு போடுவது, துண்டு மடிப்பது. இதை வாட்ஸ்அப்பில் அரை நிமிடக் குரல் பதிவாக அனுப்புங்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் போய்ச் சேரும்.

வளர்ச்சியைக் காட்ட, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு வையுங்கள். ஜூனில் கிழித்து ஒட்டிய காகிதம், வரைந்த மனித உருவம், பிறகு செப்டம்பரில் அதே இரண்டும். ஜூனில் வட்டத்தில் நேராகக் கால் முளைத்த மனிதனுக்குப் பிறகு உடம்பும் கையும் வந்திருந்தால், "என் பிள்ளை என்ன கத்துக்கிச்சு?" என்ற கேள்விக்குப் பதில் அந்தத் தாளிலேயே இருக்கும். ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதியைப் போட்டுவிடுங்கள். தேதி இல்லாத தாள்களை மூன்று மாதம் கழித்து டீச்சராலேயே வரிசைப்படுத்த முடியாது.