35% மானியம், நடுவுல ஒரு ஏஜென்ட்

வேடசந்தூர் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. வீட்டுக்காரருக்கு போலியோல கால் பாதிப்பு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடி கார்டுல பாதிப்பு 60%னு போட்டிருக்கு, மிளகாய் மல்லி அரைக்கிற மில்லு போட 4 லட்சம் வேணும், பிஎம்இஜிபின்னு புதுசா தொழில் தொடங்க மத்திய அரசு மானியத்தோட தர்ற பேங்க் லோன்ல மானியம் வாங்கித் தர ஒரு ஏஜென்ட் 15,000 கேக்குறாராம், குடுக்கலாமான்னு.

குடுக்காதம்மா. அப்ளிகேஷன் ஆன்லைன்ல ஃப்ரீ, மாடல் ப்ராஜக்ட் ரிப்போர்ட்டும் இந்தத் திட்டத்த நடத்துற கதர் கமிஷன் சைட்லயே கிடக்கு. புரியலன்னா திண்டுக்கல் மாவட்ட தொழில் மையத்துல போய் உக்காருங்க, சொல்லித்தர்றது அவங்க வேலை.

கணக்கு இதான். மாற்றுத்திறனாளி ஸ்பெஷல் கேட்டகிரி, அதனால கைக்காசு 5% போதும், 4 லட்சத்துக்கு 20,000. மீதி 3,80,000 பேங்க் லோன். கிராமம்னா மானியம் 35%, அதாவது 1,40,000. ஆனா இது கையில வராது. உங்க பேர்ல பேங்க்லயே 3 வருஷம் டெபாசிட்டா கிடக்கும், மில்லு ஓடுதான்னு பாத்துட்டு அப்புறம் லோன்ல கழிப்பாங்க. லோன்ல அந்தத் தொகை அளவுக்கு உங்ககிட்ட வட்டி போடக்கூடாது, போட்டா கேளுங்க. "மானியம் வந்ததும் பாதி எனக்கு"ன்னு சொல்றவனுக்கு இது நல்லாவே தெரியும், தெரிஞ்சே தான் சொல்றான்.

இன்னொரு பொறி கொட்டேஷன், அதாவது கடைக்காரன் எழுதித் தர்ற மெஷின் விலை. ஒன்றரை லட்சம் மெஷினுக்கு ரெண்டே கால்னு பில்லு போடுவாங்க, பேங்க் காசு நேரா கடைக்காரனுக்குப் போயிடும், அவனும் ஏஜென்ட்டும் பங்கு போட்டுக்குவாங்க, வட்டி கட்டறது நீங்க. நீங்களே ரெண்டு மூணு கடை ஏறி விலை கேளுங்க.

கொழுந்தனார் ஏற்கனவே இந்த லோன் வாங்கிட்டாரு, ஒரே ரேஷன் கார்டு, அதனால "கஷ்டம், எக்ஸ்ட்ரா ஆகும்"னு அந்த ஏஜென்ட் சொன்னாராம்ல. சுத்தப் பொய். இங்க குடும்பம்னா புருஷன் பொண்டாட்டி, அவ்ளோ தான். கொழுந்தன், மாமனார், மாமியார் யாரு வாங்கியிருந்தாலும் தடையில்ல, ஒரே கார்டா இருந்தாலும் ஒரே கூரையா இருந்தாலும். நீங்க வாங்கியிருந்தா தான் வீட்டுக்காரருக்குக் கிடையாது. பொம்பளைங்களும் ஸ்பெஷல் கேட்டகிரி தான், அதே 35%, ஆனா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர்ல ஒருத்தர் தான் வாங்க முடியும். மில்லு புதுசா தான் ஆரம்பிக்கணும், ஏற்கனவே ஓடிட்டிருக்கறதுக்குக் கிடையாது.

பேங்க்ல வீட்டுப் பத்திரம் கேட்டா அசராதீங்க, 10 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கேக்கக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க்கே சொல்லியாச்சு. ஆனா கேப்பாங்க. நான் பாத்த ஒரு பிராஞ்சு முதல் மாடி, லிஃப்ட் இல்ல, ஊன்றுகோலோட வந்தவர கீழயே நிக்க வச்சு கையெழுத்து வாங்கினாங்க, செவுத்துல மாற்றுத்திறனாளி கடன் போஸ்டர் வேற! முடியாதுன்னு சொன்னா காரணத்த எழுத்துல வாங்குங்க.

அப்ளிகேஷன்ல வீட்டுக்காரர் செல் நம்பரே இருக்கட்டும், ஏஜென்ட் தன்னோடத போட்டுட்டா மெசேஜ் பூரா அவனுக்குத் தான் போகும்.