பதில்: டிரைக்கோமோனாஸ் ஏன் ஹைட்ரஜனை வெளிவிடுகிறது?
வணக்கம். டிரைக்கோமோனாஸ் என்ற ஒருசெல் ஒட்டுண்ணி ஏன் ஹைட்ரஜன் வாயுவை விடுகிறது, அதில் அதற்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தீர்கள்.

குளுக்கோஸ் உடைந்து பைருவேட் ஆகும்வரை ஏறக்குறைய நம் செல்லைப் போலத்தான். அப்புறம் பைருவேட் ஹைட்ரஜனோசோம் என்ற நுண்ணுறுப்புக்குள் போகிறது. அங்கே அது உடையும்போது வரும் எலக்ட்ரான்களை ஃபெரடாக்சின் என்ற புரதம் வாங்கிக்கொள்கிறது. வாங்கியதை வேறு எதனிடமாவது தள்ளிவிட்டால்தான் அடுத்த சுற்று நடக்கும். ஆக்சிஜன் இல்லாததால் புரோட்டான்களிடம் (ஹைட்ரஜன் அயனிகளிடம்) தள்ளுகிறது, ஹைட்ரஜன் பிறக்கிறது. பைருவேட்டின் மீதிப்பகுதி அசிட்டேட் ஆகும்போது, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி, ஒரு பைருவேட்டுக்கு ஒன்று கிடைக்கிறது. லாபம் அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இந்த ஒட்டுண்ணியைக் கொல்லத் தரும் மெட்ரோனிடசோல் மருந்தும் இதே ஃபெரடாக்சினிடம் எலக்ட்ரானைப் பெற்றுத்தான் நச்சாக மாறுகிறது.

ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியோடு மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதிலுள்ள மைட்டோசோம் என்ற நுண்ணுறுப்பு ஏடிபி தயாரிப்பதில்லை.